வலி இல்லீங்கக்கா

வாங்க அம்மணி, உள்ள வாங்க. தலையைக் குனிஞ்சு வாங்க, வாசக்கால் நெலவு இடிக்கும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. நான் எந்திரிச்சு வாங்கன்னு கூப்பிடலைன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க. உக்காந்தா எந்திரிக்க முடியலை, எந்திரிச்சா உக்கார முடியலை, அதுதான் இப்படிக் கட்டல்ல ஒருச்சாஞ்சு கெடக்கறேன். சித்தெ சத்தமாப் பேசுங்க. செவுத்துக்கு அக்கட்ட தறிக்குடோன். எங்களுக்குக் காது பழகிப்போச்சு, வெளியூர்க்காரங்களுக்குத்தான் இந்தச் சத்தத்துல தலை வலிக்கும்.

அந்தத் தாம்பாளத்தைக் கீழ வெக்காதீங்க. மடியிலயே வெச்சுக்குங்க. வெத்தலை, வாழைப்பழம், மஞ்சக்கெழங்கு. எதுக்கு வந்திருக்கீங்கன்னு நீங்க வாயத் தொறக்கறதுக்கு முந்தியே தெரிஞ்சு போச்சு. யாரு சொல்லி அனுப்புனாங்க? டீக்கடையில விசாரிச்சீங்களா? அப்ப எங்கூட்டுக்காரராத்தான் இருக்கும். பெஞ்சுல உக்காந்துட்டு, போற வர்றவங்களுக்கெல்லாம் வழி சொல்றதுதான் அவருக்கு வேலை. அவருக்கு மட்டும் இடுப்பு வலியே வந்ததில்லீங்க. குனிஞ்சாத்தான வரும்.

நான் இப்ப யாருக்கும் கால் வெக்கறதில்லீங்க அம்மணி. விட்டு நெம்ப நாளாச்சு. அந்த மனுசன்கிட்டச் சொன்னாலும் காதுல ஏறாது. சம்பூரணம் கால் வெச்சா சரியாப் போயிரும்னு இன்னமும் ஆளை அனுப்பிட்டே இருக்காரு.

அழுகாதீங்க. எதுக்கு அழுகறீங்க? உங்க வூட்டுக்காரரு எங்க? வேன்லயே படுத்திருக்காரா? முக்குலயே நிறுத்திட்டீங்களாக்கும், இந்தச் சந்துக்குள்ள வேன் வராதுதான். படுத்திருக்கட்டும் விடுங்க. அவசரப்படுத்தாதீங்க. அவசரத்துக்குப் போற வலியா இது?

கெணத்து மோட்டாரைத் தூக்குனாரா? அதான. குனிஞ்சபடியே தூக்கிருப்பாரு, பொளிச்சுன்னு ஒரு சத்தம் கேட்டிருக்கும். நீங்க சொல்லாதீங்க, நானே சொல்றேன். மொதல்ல இடுப்புல பிடிச்சிருக்கும். அப்பறம் பின்தட்டுல எறங்கி, தொடைக்குப் பின்னாடி, கெண்டைக்கால் ஓரமா வந்து, கரண்டைக்குக் கீழ சுத்தி, சுண்டுவெரல்ல போய் நிக்கும். இருமுனா சுருக்குன்னு அடிக்கும். தும்முனா உசுரு போயிட்டு வரும். படுத்தா நிக்கலாமான்னு இருக்கும், நின்னா படுக்கலாமான்னு இருக்கும். சரிங்களா? ஒரு காலுதான? எது, எடதா? எனக்கு வலது.

ஆமாங்க, எனக்கும் அதேதான். ஊரு இடுப்பையெல்லாம் மிதிச்சவளுக்கே வந்துருச்சு பாத்தீங்களா. சிரிச்சாலும் சிரிங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.

காலையில இருந்து என்னங்க? இருங்க இருங்க, நான் சொல்லி முடிச்சறேன், அப்பறம் நீங்க சொல்லுங்க. நான் ஏன் வெக்கறதில்லைன்னு தெரியாமப் போனீங்கன்னா, வந்தவளைத் தொரத்திவிட்டான்னு ஊருல போய் சொல்லுவீங்க. எனக்கு ஏற்கெனவே இருக்கற பேரு போதும்.

நான் பொறந்தப்பத் தலை வரலீங்க, காலுதான் வந்துச்சு. இந்த வலது காலு. எங்கம்மாளுக்கு ஒரு பகலு ஒரு ராத்திரி நோவு கண்டு, கடைசியில காலு ஒண்ணு வெளிய நீட்டிட்டு நின்னுச்சாம். மருத்துவச்சி, ரெண்டுல ஒண்ணுதான் தங்கும்னு சொல்லிட்டாளாம். ரெண்டு பேரும் தங்குனோம். அன்னிக்கு இருந்தே என்ற பேரு சம்பூரணம் இல்லீங்க, காலுப்பொறப்புதான். உங்க ஊர்லயும் சொல்லுவாங்கல்ல? கால் முன்னால பொறந்தவங்க மிதிச்சா இடுப்புப் பிடிப்பு எடுபட்டுப் போயிரும்னு. எனக்கு நடக்கத் தெரியறதுக்கு முந்தியே தூக்கிட்டுப் போயி ஆளு முதுகு மேல நிக்க வெப்பாங்களாம். ஸ்கூல்ல இருந்தெல்லாம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. வாத்தியாரே ஒருக்கா பெஞ்சு மேல குப்புறப் படுத்தாரு, பசங்க எல்லாம் வெளிய நின்னு சிரிச்சாங்க.

ஆளு நெலவுப் படியில குறுக்க குப்புறப் படுக்கணும். தலை வெளிய, காலு உள்ள. நான் கெழக்க பாத்து நின்னு வலது காலால மூணு மிதி. காசு வாங்கக் கூடாது, வெத்தலை பழம்தான். காசு வாங்குனா கால்ல இருக்கறது போயிரும்பாங்க. நான் வாங்குனதே இல்லீங்க. இந்த லைன் வூட்டுல தறி ஓட்டற ஆம்பளை பொம்பளை அத்தனை பேருக்கும் இடுப்புல பிடிப்பு உண்டு. அத்தனை பேரு இடுப்புலயும் இந்தக் காலு பட்டிருக்குது. சின்னப் புள்ளையா இருக்கையில எடையே இருக்க மாட்டேன். இப்பப் பாக்கறீங்கல்ல, கட்டலே முனகுது. எடை கூடக் கூடப் பலனும் கூடுதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சுட்டு இருந்தேன்.

மிதிச்சா மறுநாளே எந்திரிச்சு ஓடறவங்களும் உண்டு. சில பேருக்குப் பத்து நாளு, சில பேருக்கு ஒரு மாசம் ஆகும். ஆனாப் போயிரும். போகாமப் போனதில்லை.

இந்த லைன்ல ரெண்டு வூடு தள்ளி ஆறுச்சாமின்னு ஒருத்தரு இருந்தாருங்க. குடோன்ல பாவு பீம் தூக்கறவரு. பீம்னா இரும்பு உருளை, அது மேல நூலைச் சுத்தி வெச்சிருப்பாங்க, ரெண்டு பேரு தூக்கற பாரம். அவரு ஒத்தை ஆளாத் தோள்ல போட்டுட்டு வருவாரு. அத்தனை பெலம் இருந்தும் நெம்பக் கூச்சப்பட்ட மனுசன். என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவரு, அக்கான்னுதான் கூப்பிடுவாரு. வூட்டுல பொம்பளை மட்டும் இருந்தா வாசப்படி தாண்ட மாட்டாரு. தண்ணி வேணும்னாக்கூட வெளிய நின்னு செருமுவாரு. அவரு சம்சாரம் மயிலாத்தாதான் அவருக்கும் சேத்துப் பேசுவா. நானும் அவளும் ஒரே தறிக்குடோன்ல தார்க் குச்சியில நூல் சுத்துனோம், ஒரே சம்படத்துல சோறு தின்னோம். அதெல்லாம் இப்ப சொல்லி என்ன.

ஒருக்கா அவருக்கு இந்த நோவு வந்துச்சு. இதே வழி, பின்தட்டுல இருந்து சுண்டுவெரல் வரைக்கும். மயிலாத்தா கூட்டிட்டு வந்தா. மிதிச்சேன். ஒரு மாசத்துல மறுபடியும் பீம் தூக்கப் போயிட்டாரு. மயிலாத்தா என்ற காலுக்கு மஞ்சப் பூசிப் பொட்டு வெச்சா. வேண்டாம்டி, மனுசக் காலுக்கு என்னடி பொட்டுன்னேன். வெச்சுட்டுத்தான் போனா. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அடுத்த வருசம் மறுபடியும் வந்துச்சு. இந்தத் தடவ ரெண்டு காலும். செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தாரு. மயிலாத்தா வேலைக்குப் போயிட்டா, அன்னிக்கு அவரே வந்து வாசல்ல நின்னு செருமுனாரு. வாங்கன்னேன். வரலை. ரெண்டு சொம்பு தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. குடிச்சுட்டுத் தரையைப் பாத்துட்டே நின்னாரு. அப்பறம் சொன்னாருங்க.

"அக்கா, ரெண்டு நாளா அக்கட்ட போகவே இல்லீங்க."

அக்கட்டன்னா என்னங்க அம்மணி? நீங்களே சொல்லுங்க. அக்கட்டன்னா அந்தப்பக்கம். தறிக்குடோன் அக்கட்டதான இருக்குது? ரெண்டு நாளா வேலைக்குப் போகலைன்னு சொல்றாருன்னுதான நெனைப்பாங்க? வேலை கெடக்கட்டும் தம்பி, மொதல்ல ஒடம்பு தேறட்டும், வந்து படுங்கன்னேன். என்னமோ சொல்ல வாயெடுத்தாரு, சொல்லலை. கூச்சப்படாதீங்க, உங்களுக்கு நான் புதுசான்னேன். குறுக்க படுத்தாரு. மிதிச்சேன். மொத மிதிக்கு ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது மிதிக்கும் சொல்லலை. எப்பவும் முனகுவாங்க, அவரு முனகவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தணும்போலன்னு மூணாவது மிதி நல்லாவே அழுத்திட்டேன். எந்திரிச்சு நின்னாரு. நின்னவரு மொகம் தெளிஞ்சிருந்துச்சுங்க. இன்னும் என்ற கண்ணுக்குள்ள நிக்குது.

"வலி இல்லீங்கக்கா," ன்னாரு. "சுத்தமா வலி இல்லீங்கக்கா."

அதைச் சொன்னது அவருதாங்க. நான் சொல்லலை. கோயில்ல வெச்சுக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். வலி இல்லைன்னு அவரு வாயால சொல்லிட்டுத்தான் போனாரு.

சாயங்காலம் மயிலாத்தா வந்து பழம் குடுத்துட்டுப் போனா. அக்கா, அவரு எத்தனை நாளு கழிச்சு நிம்மதியாத் தூங்கறாரு தெரியுமான்னா. தூங்கட்டும் விடுடின்னேன். தூங்க விட்டோம். அடுத்த நாளு பூராத் தூங்க விட்டோம். அதுக்கு மறுநாளு பாயெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சாம். அவருக்குத் தெரியவே இல்லையாம். ஆம்புலன்ஸ் வந்துச்சு. பெரியாஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்ணுனாங்க. ரெண்டு நாளு முந்தி வந்திருந்தா வேறன்னு சொன்னாங்களாம். அது டாக்டருங்க எல்லாருக்கும் சொல்றதுதான?

அக்கட்டன்னு அந்த மனுசன் சொன்னது ஒண்ணுக்குப் போறதை. அப்பறம்தான் மயிலாத்தா சொல்லித் தெரிஞ்சுது. அவங்க ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்களாம். கல்யாணம் ஆகி அத்தனை வருசத்துல அவகிட்டக்கூட அவரு வேற வார்த்தை சொன்னதில்லையாம். எனக்கு எப்படிங்க தெரியும்? வாயத் தொறந்து சொல்ற வார்த்தையை ஒழுங்காச் சொல்ல வேண்டாமா? சொல்லுங்க. சும்மா தலையை ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. அதுல என் தப்பு என்ன இருக்குது?

சரி விடுங்க. அவரு வூட்டுக்கு வந்தாரு. மூத்திரத்துக்குக் கொழாயி, கையில வாக்கரு. எடது பாதம் தூக்கவே வரலை, அப்படியே தொங்கிப்போச்சு. அந்தப் பாதத்தை இழுத்து இழுத்து, வூடுகளுக்கு முன்னால ஓடற இந்த நடையில போவாரு. டாக்டரு நடக்கச் சொல்லிருக்காங்கன்னு மதியச் சாப்பாட்டுக்கு அப்பறம் தெனமும் போவாரு. செருப்புக்கு முன்னால தரையில உரசும். சர்ருன்னு ஒரு சத்தம், அப்பறம் வாக்கரு டக்குன்னு ஊனற சத்தம், அப்பறம் மறுபடியும் சர்ரு. என்ற வாசலுக்கு நேரா வந்தா நிப்பாரு.

திட்டுவாருன்னுதான் நெனைச்சேன். திட்டிருந்தா நானும் திருப்பித் திட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். அந்த மனுசன் ஒரு வார்த்தை திட்டலீங்க. உள்ள எட்டிப் பாக்காம, தரையைப் பாத்துட்டே சொல்லுவாரு.

"இப்பவும் வலி இல்லீங்கக்கா."

தெனமும். ஒரு நாளு விடாம. சொல்லிட்டுப் போவாரு. ஊருல யாரு கேட்டாலும், சம்பூரணக்கா கால் வெச்சு வலி போயிருச்சு, மத்ததெல்லாம் நம்ம நேரம்னுதான் சொன்னாராம். அவரு அப்படிச் சொல்லச் சொல்ல இன்னும் நாலு பேரு தாம்பாளத்தைத் தூக்கிட்டு வந்தாங்க, நான்தான் இனிமே வெக்கறதில்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன். மயிலாத்தாதான் என்னைப் பாத்தா மொகத்தைத் திருப்பிக்குவா. ஒரு நாளு தண்ணிக் கொழாய்கிட்ட நாலு பேரு பாக்க மண்ணை வாரி என்ற கால்ல வீசுனா. உன்ற காலு வெளங்காமப் போவட்டும்னா. பொட்டு வெச்ச அதே காலு.

கடைசியில படுத்த படுக்கையாயி, படுக்கைப்புண்ணு வந்து, அது சீழ் வெச்சு, ஆறுச்சாமி போய்ச் சேந்துட்டாரு. நான் எழவுக்குப் போகலை. போனா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன்.

அதுக்கு அப்பறம்தாங்க அது ஆரம்பிச்சுது.

எங்க ஊர்ல பேய் ராத்திரியில வராதுங்க அம்மணி. ராத்திரி ஷிப்டு ஓடுது, இந்தத் தறிச் சத்தத்துல எது வந்தாலும் யாருக்குக் கேக்கும்? கரண்ட் போனாத்தான் வரும். பட்டப்பகல்லயே வரும். தறி அத்தனையும் ஒண்ணா நின்னு போகுமில்ல, அப்ப ஊரே காது அடைச்ச மாதிரி ஆயிரும். அந்த அமைதியில கேக்கும். சர்ரு. டக்கு. சர்ரு. நடையில தூரமா ஆரம்பிச்சுக் கிட்டக் கிட்ட வரும். வாசலுக்கு நேரா வந்து நிக்கும். அப்பறம் அந்த வார்த்தை. எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். எலியா இருக்கும்னாரு. எலி எங்கயாவது அக்கான்னு கூப்பிடுமா?

கோயிலுக்குப் போயி மந்திரிச்சுக் கயிறு கட்டுனேன். நிக்கலை. கரண்ட் போச்சுன்னா ரேடியோவைப் போட்டுக்குவேன், பேட்டரியில ஓடறது. பாட்டுக்கு நடுவுல கேக்கும். கதவைத் தொறந்து பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. ரெண்டு வூடு தள்ளி மயிலாத்தா வாசல்ல நிப்பா. அவ நடையைப் பாத்துட்டு நிப்பா. அவளுக்கும் கேக்குதான்னு எனக்குத் தெரியாது. கேக்கறதுக்குப் பேச்சு வார்த்தை இல்லையே.

அப்பறம் இந்தப் பங்குனியில நான் தண்ணிக் கொடத்தைத் தூக்குனேன், பொளிச்சுன்னுச்சு. வலது பக்கம். அதே வழிங்க அம்மணி. பின்தட்டு, தொடை, கெண்டை, சுண்டுவெரலு. அவரு நடந்துட்டே இருந்த நடை வெளிய இருந்து என்ற காலுக்குள்ள வந்துருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. மயிலாத்தா வீசுன மண்ணு வேலை செஞ்சுருச்சு.

டாக்டருகிட்டப் போகாமலா இருப்பேன்? பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்க எக்சசைஸ் சொல்லிக் குடுக்கற பொண்ணு ஒண்ணு, மேசை மேல பிளாஸ்டிக் முதுகெலும்பை வெச்சுட்டு எனக்குப் பாடம் எடுக்குது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு ஜவ்வு இருக்குதாம். பாரம் தூக்குனா அது பிதுங்கி, பக்கத்துல போற நரம்பை அமுக்கிருதாம். அந்த நரம்பு பின்தட்டுகிட்ட வெரல் தண்டிக்கு இருக்குமாம். நோவு இருக்கறது இடுப்புல, கத்தறது மட்டும் காலாம். என்னைப் படுக்க வெச்சுக் காலை நேரா மேல தூக்குச்சு. பாதிகூடத் தூக்கலை, நான் போட்ட சத்தத்துல வெளிய க்யூவுல நின்னவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க.

அப்பறம் அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? பயப்படாதீங்கம்மா, பெரும்பாலும் தானாவே சரியாயிரும், சில வாரம் ஆகும், படுத்தே கெடக்காதீங்க, முடிஞ்ச அளவுக்கு மெதுவா நடங்கன்னு. தானாவே சரியாயிருமாம். அப்ப இத்தனை வருசம் இந்தக் காலு பண்ணுனது என்ன? ஊரே படுத்துச்சே, வாத்தியாரு படுத்தாரே, அதெல்லாம் என்ன? நானும் அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன், காலுப்பொறப்பு மிதிச்சு நல்லாகுதே, அது எப்படின்னு. அது சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. நீங்க மிதிக்காம இருந்தாலும் அவங்களுக்குச் சரியாப் போயிருக்கும்மா, மிதிச்சா சில பேருக்குக் கெட்டதும் ஆயிரும்னு சாந்தமாச் சொல்லுச்சு. வயித்தெரிச்சலா இருந்துச்சு எனக்கு.

அதோட விட்டுதா? ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதாம்மா, வந்த உணர்வு தெரியுதா, உக்கார்ற எடம், தொடை இடுக்கு எல்லாம் தொட்டாத் தெரியுதா, மரத்துக் கெடக்குதா, ரெண்டு காலும் பெலம் இல்லாம இருக்குதான்னு ஒண்ணு ஒண்ணாக் கேட்டுச்சு. வயசுப் பொண்ணு, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமக் கேட்டுச்சு. இதுல ஏதாவது ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே வரணும், மறுநாளைக்குத் தள்ளக் கூடாது, அப்ப வலி கொறைஞ்சிருந்தாலும் ஏமாந்துறாதீங்கன்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நிறுத்த முடியலை. வலியில அழுகறேன்னு நெனைச்சுட்டு அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்குச்சு. வலிதாங்க. வேற என்ன?

நீங்க எதுக்கு மறுபடியும் அழுகறீங்க?

வேற போக எடமே இல்லைங்கறீங்க. எண்ணெய் தேச்சாச்சு, ஊசி போட்டாச்சு, இங்க வந்தா நடந்துருவாருன்னு நம்பி வந்தேங்கறீங்க. இத்தனை தூரம் ரோட்டுல குலுங்கிட்டு வந்திருக்கீங்க. ரெண்டு புள்ளைங்களைப் பக்கத்து வூட்டுல விட்டுட்டா? பாவந்தான். எனக்கு மட்டும் எரக்கம் இல்லையா? அந்தப் பொண்ணு என்ன வேணா சொல்லட்டும், எத்தனை பேரு எந்திரிச்சு நடந்ததை என்ற கண்ணால பாத்திருக்கேன். எனக்கும் ஒரு மனசு சொல்லுதுங்க, ஒருத்தரை, ஒரே ஒருத்தரை நல்லாக்கிட்டா, அந்த நடைச் சத்தம் நின்னு போயிரும்னு. நின்னு போனாலும் போயிருமில்ல?

சரிங்க. கூட்டிட்டு வாங்க. மிதிக்கலை, சும்மா காலை மட்டும் வெக்கறேன். பூ மாதிரி. என்னைத் தூக்கி நிறுத்த ஒரு கை குடுங்க. தாம்பாளத்தை இப்படி வெய்யுங்க. இருங்க, காலை மொதல்ல கீழ விடறேன். அம்மா. ம். ஒண்ணுமில்லை. பிடிச்சுக்குங்க.

அட. கரண்ட் போயிருச்சு.

பாத்தீங்களா, எப்படி ஆயிருச்சுன்னு. ஊரே செத்த மாதிரி இல்ல? மெதுவாப் பேசுனாலே போதும் இப்ப. சித்தெ பேசாம இருங்க. வரும் பாருங்க. உங்களுக்குக் கேக்காது, எனக்கு மட்டும்தான். தூரத்துல ஆரம்பிக்கும்.

ம். ஆரம்பிச்சுருச்சு.

என்னங்க? என்ன சொன்னீங்க? உங்களுக்கும் கேக்குதா?

சர்ருன்னு கேக்குதா உங்களுக்கு? பொய் சொல்லாதீங்க அம்மணி, எனக்குப் பயமா இருக்குது. என்ற கையை விடாதீங்க. நடையில யாரு? எட்டிப் பாருங்க. உங்க வூட்டுக்காரரா? அவருதான் வேன்ல படுத்திருக்காருன்னீங்க? எந்திரிச்சு வந்துட்டாரா? தனியாவா?

சிரிக்கறீங்க. அப்ப இவ்வளவு நேரம் காலையில இருந்து காலையில இருந்துன்னு இதைத்தான் சொல்ல வந்தீங்களா? காலையில இருந்து வலி விட்டுப்போச்சுன்னா?

தம்பி, அங்கயே நில்லுங்க. படியில கால் வெக்காதீங்க. உங்க செருப்பு ஏன் முன்னால தரையில உரசுது? பாதத்தைத் தூக்குங்க பாக்கலாம். தூக்குங்க. வரலையா? இன்னொரு காலு? அதுவும் கனமா இருக்குதா? என்ன சொன்னீங்க?

வேண்டாம். இன்னொருக்கா அதைச் சொல்லாதீங்க. வலி இல்லீங்கக்கான்னு என்ற வாசல்ல நின்னு சொல்லாதீங்க தம்பி. கையெடுத்துக் கும்பிடறேன்.

நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. அக்கட்ட போனீங்களா? இல்லை, அப்படிக் கேக்க மாட்டேன். மூத்திரம். மூத்திரம் எப்பப் போனீங்க? உங்க சம்சாரம் நின்னா நிக்கட்டும், உங்க உசுரைப் பத்திக் கேக்கறேன். நேத்துப் பொழுது எறங்கயிலயா? அப்பறம் போகவே இல்லையா? வேன்ல இத்தனை நேரம் கெடந்தீங்களே, சீட்டுல உக்காந்தது ஒடம்புக்குத் தெரிஞ்சுதா? சொல்லுங்க. தரையைப் பாக்காதீங்க. என்ற மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அவரும் இப்படித்தான் தரையைப் பாத்துட்டு நின்னாரு.

மரத்துப்போச்சா. சரி. போதும்.

அம்மணி, தாம்பாளத்தை விடுங்க. உங்க வூட்டுக்காரரைத் தாங்கிப் பிடிங்க. நேராப் பெரியாஸ்பத்திரி. வூட்டுக்குப் போயிட்டு நாளைக்குப் போலாம்னு வேண்டாம், வழியில காபி குடிக்க வேண்டாம். அங்க போயி இடுப்பு வலின்னு சொல்லாதீங்க, சொன்னீங்கன்னாச் சீட்டுக் குடுத்து க்யூவுல உக்கார வெச்சுருவாங்க. எடுத்த எடுப்புல சொல்லுங்க, மூத்திரம் வரலை, குந்தற எடம் மரத்துப்போச்சு, ரெண்டு காலும் பெலம் இல்லைன்னு. சத்தமாச் சொல்லுங்க. தம்பிக்கு வாய் வராது. நீங்க சொல்லுங்க. வெக்கப்பட்டுட்டு அக்கட்ட இக்கட்டன்னு பேசிட்டு நிக்காதீங்க.

நான் நின்னுக்குவேன், என்னை விடுங்க. செவுரு இருக்குது. போங்க. ஓடுங்க.

ஏனுங்க அம்மணி, ஒரு நிமிசம். போற வழியில ரெண்டாவது வூட்டு வாசல்ல ஒரு அம்மா நிக்கும். கரண்ட் போனா வெளிய வந்து நிக்கும். அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, சம்பூரணம் கால் வெக்கலைன்னு. கேக்க வேண்டியதைக் கேட்டுட்டுத்தான் அனுப்புனான்னு. அது மொகத்தைத் திருப்பிக்கும். திருப்பிக்கிட்டாலும் சொல்லிட்டுப் போங்க.